சாக்கடை மூடிக்கு ஒரு திண்டுக்கல் பூட்டு

2015-இல் பொலிவுறு நகரங்கள் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியபோது, தமிழ்நாட்டிலிருந்து 12 நகரங்களின் பெயர்கள் பரிந்துரைக்கப்பட்டன. சென்னையும் கோவையும் முதல் சுற்றிலேயே தேர்வாயின. அடுத்தடுத்த சுற்றுகளில் மதுரை, சேலம், தஞ்சாவூர், வேலூர், திருச்சி, திருநெல்வேலி, திருப்பூர், தூத்துக்குடி எல்லாம் இடம்பிடித்தன. 2018 ஜனவரியில் ஈரோடும் உள்ளே போனது. பன்னிரண்டில் பதினொன்று. விடுபட்ட ஒன்று திண்டுக்கல். அந்தத் திட்டத்தின் காலமும் 2025 மார்ச்சோடு முடிந்துவிட்டது.

பணம் வராமல் போனது நஷ்டம்தான். ஆனால் வாங்காத பணத்தை நினைத்து அழுவதைவிட, வாங்கிய ஊர்கள் எதற்குச் செலவிட்டன என்று பார்ப்பது திண்டுக்கல்லுக்குப் பயன்படும். பூங்காக்கள், நடைபாதைகள், பேருந்து நிலையங்கள், அடுக்குமாடி வாகன நிறுத்தங்கள், குளக்கரை அழகூட்டல், சுவர் நிறையத் திரைகளோடு கட்டுப்பாட்டு மையங்கள். இவற்றில் தேவையானவையும் உண்டு. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தான் பெரும் பணம் போனது. ஒரு நகரத்தில் அறிவும் கருவியும் மிக அவசரமாகத் தேவைப்படும் இடம் தரைக்கு அடியில் இருக்கிறது. திண்டுக்கல் தன் கழிவுநீரை நவீனத் தொழில்நுட்பத்தால் நிர்வகிக்க நினைத்தால், அந்த வேலை கட்டுப்பாட்டு அறையில் தொடங்கக் கூடாது. பாதாளச் சாக்கடையின் இரும்பு மூடியில் தொடங்க வேண்டும். அந்த மூடிக்குள் இனி ஒரு மனிதரும் இறங்கக் கூடாது என்பதுதான் அதன் முதல் இலக்காக இருக்க வேண்டும். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு.

இந்த ஊரின் சாக்கடைக்கு என்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. பாதாளச் சாக்கடை என்பது தண்ணீரை நம்பிய ஏற்பாடு. குழாய்க்குள் கழிவுநீர் நொடிக்கு 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓடினால்தான் அதிலுள்ள மணலும் மலமும் அடியில் தங்காமல் போகும். அதனால்தான் பாதாளச் சாக்கடை உள்ள ஊர்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் தர வேண்டும் என்று மத்திய அரசின் பொறியியல் கையேடு சொல்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி திண்டுக்கல்லில் 2,07,327 பேர். 135 லிட்டர் கணக்கில், அதில் ஐந்தில் நான்கு பங்கு சாக்கடைக்கு வரும் என்று வைத்தால், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2 கோடியே 24 லட்சம் லிட்டர் கழிவுநீர் ஓட வேண்டும். ஆனால் ஆத்தூர் காமராஜர் அணையையும் காவிரிக் கூட்டுக் குடிநீரையும் எதிர்பார்த்து, குழாயில் தண்ணீர் வரும் நாளை எண்ணிக் காத்திருக்கும் ஊர் இது. தண்ணீர் வரும் நாளில் வீடு முழுக்கத் துவைத்து, தேய்த்து, கழுவி விடுகிறார்கள். அன்றைக்குக் குழாய்கள் நிரம்பி ஓடுகின்றன. மற்ற நாட்களில் ஒரு வாளித் தண்ணீரை மூன்று வேலைக்குப் பயன்படுத்துகிறார்கள். அப்போது குழாயின் அடியில் கசடு படிகிறது, இறுகுகிறது, அடைக்கிறது. பஞ்சத்து ஊரின் சாக்கடை வெள்ளத்தால் அடைவதைவிட வறட்சியால் அடைவதே அதிகம்.

அதோடு கொழுப்பு சேர்கிறது. பிரியாணிக்குப் பெயர் போன ஊர். அண்டா கழுவிய தண்ணீரில் ஆட்டுக் கொழுப்பும் நெய்யும் எண்ணெயும் சூடாக இருக்கும்வரை நீரோடு நீராகப் போகும். சாக்கடைக்குள் ஆறியதும், முதல் நாள் குழம்புச் சட்டியில் ஏடு கட்டுவதுபோல் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதில் துணி, நாப்கின், பாலித்தீன் பை எது வந்தாலும் சிக்கும். சமையலறைக்கும் சாக்கடைக்கும் நடுவில் கொழுப்புப் பிடிக்கும் தொட்டி ஒன்று இருந்தால் பாதிப் பிரச்சினை கடை வாசலிலேயே நின்றுவிடும். அந்தத் தொட்டியை வைப்பதும் வாரம் தவறாமல் வழிப்பதும் உணவகங்களின் கடமை. வடகிழக்குப் பருவமழை வந்தாலோ கதை வேறு. தெருவில் தேங்கும் நீரை வடியவைக்க யாராவது மேன்ஹோல் மூடியை நெம்பித் தூக்கிவிடுவார்கள். தெருவின் மண்ணும் குப்பையும் அப்படியே உள்ளே போகும். கீழ்த்தெருவில் மூடி பொங்கும்.

மூடி பொங்கினால் இப்போது என்ன நடக்கிறது? மூக்கைப் பொத்திக்கொண்டு தெருக்காரர் யாராவது கவுன்சிலருக்குப் போன் செய்கிறார். கவுன்சிலர் மாநகராட்சி மேற்பார்வையாளருக்குச் சொல்கிறார். நான்கு பேர் வருகிறார்கள். ஒருவர் கடப்பாரையை மூடியின் காதில் கொடுத்து நெம்புகிறார். முதலில் கரப்பான்கள் வெளியே வருகின்றன, பிறகு நாற்றம். இரண்டு பக்கமும் அடுத்தடுத்த மூடிகளைத் திறந்து, எதில் நீர் நிற்கிறது, எதில் வடிந்திருக்கிறது என்று பார்த்து, அடைப்பு எந்த இரண்டு மூடிகளுக்கு நடுவில் என்று கண்டுபிடிக்கிறார்கள். மூங்கில் பிளாச்சை வளைத்து உள்ளே செலுத்திக் குத்துகிறார்கள். வசதி இருந்தால் ஜெட் ராடிங் லாரி வந்து அழுத்தத்தில் தண்ணீர் அடிக்கும். லாரி நுழையாத சந்து என்றால், பிளாச்சு போதாது என்றால், வீட்டுக்காரரும் வேலை வாங்குபவரும் அவசரப்பட்டால், அங்கேதான் “கொஞ்சம் இறங்கிப் பாருப்பா” என்ற சொல் வருகிறது. நம் ஊர்களில் பல உயிர்களைக் கொன்ற சொல் அது.

உள்ளே இருப்பது ஹைட்ரஜன் சல்பைடு. காற்றைவிடக் கனமான வாயு. குழியின் அடியில் தங்கும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடித்து எச்சரிக்கும். பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டும்போது மூக்கு மரத்துப்போய், நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று ஒருவர் நினைக்கும் தருணமே மிக ஆபத்தான தருணம். 500 பங்கைத் தாண்டினால் சில நிமிடங்களில் நினைவு தப்பும். ஆயிரத்தை நெருங்கினால் இரண்டொரு மூச்சு போதும். விழுந்தவரைத் தூக்க இறங்கும் அடுத்தவரும் அதே மூச்சில் விழுகிறார். அதனால்தான் இந்த மரணச் செய்திகள் பெரும்பாலும் இரண்டு பேர், மூன்று பேர் என்றே வருகின்றன. தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது, மூடியை அரை மணி திறந்து வைப்பது எல்லாம் இந்த வாயுவுக்கு முன்னால் காப்பு ஆகாது. கசடைக் கிளறும்போதுதான் அடைபட்டிருந்த வாயு கிளம்புகிறது. இறங்கும்போது இல்லாதது இறங்கிய பிறகு வரும்.

சட்டத்துக்குக் குறைவில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-இல் ஒன்று, 2013-இல் இன்னொன்று. 2013 சட்டப்படி, பாதுகாப்பு இல்லாமல் சாக்கடையையோ கழிவுநீர்த் தொட்டியையோ சுத்தம் செய்ய ஆளை இறக்கினால் முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். பெஜவாடா வில்சனின் தூய்மைப் பணியாளர் அமைப்பான சஃபாயி கர்மசாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில் 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், 1993-க்குப் பிறகு சாக்கடைப் பணியில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. 2025 ஜனவரியில் சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மனிதரைக் கொண்டு சாக்கடை சுத்தம் செய்வதை நிறுத்தச் சொன்னது. அந்த ஆறில் திண்டுக்கல் இல்லை. ஆனால் 2013 சட்டம் திண்டுக்கல்லுக்கும் சேர்த்துத்தான்.

ஆனாலும் சாவு நிற்கவில்லை. தூய்மைப் பணியாளர்களுக்கான தேசிய ஆணையத்தின் கணக்கில், 1993 முதல் இப்படி இறந்தவர்கள் மிக அதிகமான மாநிலம் தமிழ்நாடு. கல்வியிலும் மருத்துவத்திலும் முன்னால் நிற்கும் மாநிலத்துக்கு இது தீராத அவமானம். 2022, 2023-இல் நடந்த மரணங்களில் 54-ஐ எடுத்து மத்திய அரசு நடத்திய சமூகத் தணிக்கையின் முடிவு 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 54 பேரில் 49 பேர் உடலில் எந்தப் பாதுகாப்பு உபகரணமும் இல்லை. இறந்தவர்கள் எந்தச் சாதியில் பிறந்தவர்கள் என்பதைக் கேட்கவே தேவையில்லை. படிக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆகவே சென்சார், ரோபோ என்று பேசும்போது, ஏதோ புதுப் பொருள் வாங்கும் பேச்சாக அதை நான் பேசவில்லை. இது சாதி ஒழிப்போடு சேர்ந்த வேலை.

இனி தொழில்நுட்பத்துக்கு வருவோம். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் சவுத் பெண்ட் என்று ஓர் ஊர். மக்கள்தொகை ஏறத்தாழ ஒரு லட்சம், திண்டுக்கல்லில் பாதி. ஒரு காலத்தில் ஸ்டூட்பேக்கர் கார் தொழிற்சாலையால் வாழ்ந்து, 1963-இல் அது மூடியதும் தளர்ந்த ஊர். சுருட்டும் பூட்டும் மங்கிய திண்டுக்கல்லுக்கு அந்தக் கதை புரியும். மழை பெய்தால் அங்கே சாக்கடை நிரம்பி ஆற்றில் கலந்துகொண்டிருந்தது. பெரிய குழாய்களும் தொட்டிகளும் கட்டித்தான் இதைத் தீர்க்க வேண்டும் என்று 2011-இல் அமெரிக்க மத்திய அரசோடு ஒப்பந்தம் ஆனது. மதிப்பீடு 70 கோடி டாலருக்கும் மேல். ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, உள்ளூர் நோத்ர தாம் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து நகராட்சி வேறொரு வேலையைத் தொடங்கியிருந்தது. சாக்கடைக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் நீர்மட்ட சென்சார்களை வைத்தார்கள். எந்தக் குழாய் நிரம்பியிருக்கிறது, எது காலியாக இருக்கிறது என்று உடனுக்குடன் தெரிந்தது. நிரம்பியதிலிருந்து காலியானதற்கு நீரைத் திருப்பும் தானியங்கி அடைப்பிதழ்களைப் பொருத்தினார்கள். ஆற்றில் கலப்பது பெருமளவு குறைந்தது. 2021-இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டபோது மதிப்பீடு 27 கோடியே 60 லட்சம் டாலராகச் சுருங்கியது. இருக்கிற குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டதாலேயே புதுக் குழாய்களின் பெரும் பகுதி தேவைப்படாமல் போனது.

இதை அப்படியே எடுத்து இங்கே ஒட்ட முடியாது. அவர்களுக்கு மழைநீர் பிரச்சினை, நமக்குத் தண்ணீரின்மை பிரச்சினை. அவர்கள் குழாய் எப்போது வழியும் என்று பார்த்தார்கள். நாம் குழாய் எங்கே தேங்குகிறது என்று பார்க்க வேண்டும். வேலை கடினமல்ல. மூடியின் உள்பக்கம் பொருத்தும் சிறு கருவி ஒலி அலையை அனுப்பி, அது நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு நீர்மட்டத்தை அளக்கும். செல்போன் சிம் வழியாகக் குறித்த இடைவெளியில் செய்தி அனுப்பும். தண்ணீர் விடும் நாளில் எல்லா இடத்திலும் மட்டம் ஏறும், இறங்கும். ஓர் இடத்தில் மட்டும் ஏறியது இறங்காமல் நின்றால், அடைப்பு அதற்குக் கீழே உருவாகிக்கொண்டிருக்கிறது. பொங்குவதற்குச் சில நாட்கள் முன்பே இது தெரிந்துவிடும். அப்போது ஜெட் ராடிங் லாரி போதும். முற்றிக் கல்லாக இறுகிய பிறகுதான் ஆள் தேடும் நிலை வருகிறது. முன்கூட்டியே தெரிவதற்கும் உயிர் பிழைப்பதற்கும் உள்ள தொடர்பு இவ்வளவு நேரடியானது.

கருவி விற்பவர்கள் சொல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். சாக்கடைக்குள் எந்தக் கருவியும் நீண்ட நாள் நல்லபடியாக இருப்பதில்லை. ஈரம் உள்ளே போகும். ஹைட்ரஜன் சல்பைடு செம்பைத் தின்னும். அது கான்கிரீட்டையே அரிக்கும் வாயு. கரப்பான் வந்து உட்கார்ந்தால் சென்சார் அதை நீர்மட்டம் என்று நினைக்கும். இரும்பு மூடி சிம்மின் அலையைத் தடுக்கும். பேட்டரி தீரும். திறப்பு விழா முடிந்து ஒரு மழைக்காலம் தாண்டினால், துடைத்து, பேட்டரி மாற்றிப் பராமரிக்க ஆள் இல்லாத எந்த சென்சாரும் செத்துவிடும். ஆகவே ஊர் முழுக்க ஆயிரம் கருவி வாங்குவது வீண். எந்த மூடி அடிக்கடி பொங்குகிறது என்பது பாதாளச் சாக்கடையில் வேலை செய்யும் பழைய ஊழியர்களுக்கு விரல் நுனியில் இருக்கிறது. எந்தச் சந்தில் குழாயின் சரிவு தவறு, எந்தச் சந்திப்பில் கொழுப்பு சேரும் என்று அவர்களைக் கேட்டு ஐம்பது இடங்களைக் குறித்து, அங்கே மட்டும் முதலில் வைத்துப் பார்க்கலாம்.

அதைவிட மலிவான கருவி ஒன்று ஏற்கெனவே ஊரில் இருக்கிறது. கழிவுநீர் நீரேற்று நிலையங்களில் ஓடும் மோட்டார்களின் மின் அளவி. மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு ஆம்பியர் இழுத்தது என்று தொடர்ந்து பதிந்தாலே பாதி நோய் தெரியும். துணி சிக்கினால் ஆம்பியர் ஏறும். மேல்பகுதியில் குழாய் அடைத்தால் நிலையத்துக்கு நீர் வராமல் ஓடும் நேரம் குறையும். மழையன்று ஓடும் நேரம் திடீரென்று கூடினால், மழைநீர் எங்கோ சாக்கடைக்குள் புகுகிறது. கையால் எழுதும் பதிவேட்டில் இருக்கும் இந்த எண்களைக் கணினிக்கு மாற்றினாலே ஒரு நல்ல தொடக்கம்.

திண்டுக்கல்லுக்கு இன்னொரு தேவையும் உண்டு. தோல் பதனிடும் ஊர் இது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்துபவரே ஈடு தர வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு. அதில் திண்டுக்கல் பெயரும் இருக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் ஒரு தொண்டு அமைப்பு எடுத்த கணக்கெடுப்பை நீதிபதி குல்தீப் சிங் தீர்ப்பில் எடுத்துச் சொல்கிறார்: குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. நான்கு கிணறுகளில் மூன்று. அப்போதைய திண்டுக்கல் அண்ணா மாவட்டத் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் மற்ற நான்கு மாவட்ட ஆலைகளோடு சேர்த்து 10,000 ரூபாய் அபராதமும் விதித்தார். பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது, கண்காணிப்பு வந்தது. ஆனால் கெட்ட கிணறு தலைமுறை கடந்தும் எளிதில் தேறுவதில்லை என்பதைக் கிணற்று நீரை வாயில் வைத்துப் பார்க்கும் இந்தப் பகுதி விவசாயி அறிவார்.

இங்கே சென்சார் செய்யக்கூடியது நீரின் உப்பை அளப்பது. வீட்டுக் கழிவுநீர் மின்சாரத்தைக் கடத்தும் அளவு ஒரு வரம்புக்குள் இருக்கும். தோல் ஊறவைத்த உப்புத் தண்ணீர் அதில் கலந்தால் அந்த அளவு சட்டென்று எகிறும். நகரச் சாக்கடையின் முக்கியச் சந்திப்புகளிலும் சுத்திகரிப்பு நிலையத்தின் நுழைவாயிலிலும் இந்த அளவியை வைத்தால், நள்ளிரவில் யாராவது திறந்துவிட்டாலும் எந்தத் திசையிலிருந்து எத்தனை மணிக்கு வந்தது என்று பதிவாகும். நகரக் கழிவைச் சுத்திகரிப்பவை நுண்ணுயிர்கள். உப்பும் குரோமியமும் அவற்றைக் கொல்லும். நிலையம் ஒருமுறை நோய்ப்பட்டால் தேறப் பல நாட்கள் ஆகும். அதுவரை அரைகுறையாகச் சுத்திகரித்த நீர்தான் வெளியே போகும். விதியை மதித்துச் சுத்திகரிக்கும் தோல் ஆலைகளுக்கும் இந்த அளவி நல்லது. ஒருவர் செய்த தப்புக்குத் தொழில் முழுவதும் பழி சுமக்க வேண்டியிராது.

கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டு நல்ல நீராகத் திரும்பி வந்தால் அதற்குக் கிராக்கி உண்டு. சென்னைக் குடிநீர் வாரியம் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து 2019 முதல் ஆலைகளுக்கு விற்கிறது. கொடகனாறு வறண்டு கிடக்கும் மாவட்டத்தில், தினமும் தவறாமல் கிடைக்கும் ஒரே நீர் கழிவுநீர்தான். ஆனால் அதில் என்ன கலந்திருக்கிறது என்று ஒவ்வொரு நாளும் உறுதியாகச் சொல்ல முடிந்தால் ஒழிய எந்த ஆலையும் வாங்காது, எந்த விவசாயியும் வயலில் விடக் கூடாது.

ரோபோக்களைப் பற்றியும் கேட்பார்கள். 2018-இல் திருவனந்தபுரத்து இளம் பொறியாளர்களின் ஜென்ரோபாட்டிக்ஸ் நிறுவனம் ‘பாண்டிகூட்’ என்ற இயந்திரத்தை உருவாக்கியது. மேன்ஹோலுக்குள் இறங்கி, கேமராவில் பார்த்து, இயந்திரக் கையால் கசடை அள்ளி மேலே கொண்டுவரும். மேலே நிற்கும் ஊழியர் திரையைப் பார்த்து இயக்குவார். அதே ஆண்டு கும்பகோணம் நகராட்சி அதைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. இந்தியன் ஆயில் நிறுவனம் வாங்கித் தந்தது. பெருநகரமான சென்னை அல்ல, கும்பகோணம் என்பதைக் கவனிக்க வேண்டும். நடுத்தர ஊரால் முடியாது என்ற வாதம் அங்கேயே அடிபட்டுப் போகிறது. கழிவுநீர்த் தொட்டிகளுக்குச் சென்னை ஐஐடி பேராசிரியர் பிரபு ராஜகோபால் குழுவும் சோலினாஸ் நிறுவனமும் சேர்ந்து ‘ஹோமோசெப்’ உருவாக்கினார்கள். தொட்டிக்குள் விரிந்து சுழலும் கத்தி இறுகிய கசடைக் கரைக்கும். பிறகு குழாய் உறிஞ்சும். 2022-இல் அதன் முதல் இயந்திரங்களில் சில, இந்த வேலையில் கணவரைப் பறிகொடுத்த பெண்களின் சுய உதவிக் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டன. இயந்திரத்தை யார் கையில் கொடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியவில்லை.

ஆனால் நன்கொடையாக வந்த இயந்திரத்துக்கு ஓட்டுநர், உதிரி பாகம், ஆண்டுப் பராமரிப்பு நிதி மூன்றும் வேண்டும். இல்லாவிட்டால் அது மாநகராட்சி வளாகத்தில் மழையில் நனையும். இயந்திரம் நிற்கும்போது ஆள் இறங்குவார். கண்ணுக்குத் தெரியாமல் இறங்குவார். ஒப்பந்ததாரரின் ஆளாக, தனிவீட்டுக்காரர் கூப்பிட்ட ஆளாக, எந்தப் பதிவேட்டிலும் இல்லாத ஆளாக. இறந்த பிறகுதான் பெயர் வெளியே வரும்.

இந்த இடத்தில்தான் பூட்டு வருகிறது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாகல் நகரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் கையால் பூட்டு செய்யும் குடும்பங்கள் அலிகார் பூட்டுக்கும் இயந்திரப் பூட்டுக்கும் ஈடுகொடுக்க முடியாமல் குறைந்துகொண்டே வருகின்றன. மாங்காய்ப் பூட்டைச் செய்யும் கைகளுக்கு, வெளியார் திறக்க முடியாத பூட்டு எப்படி இருக்க வேண்டும் என்று யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஊரின் ஒவ்வொரு மேன்ஹோல் மூடிக்கும் ஒரு பூட்டு போடுவோம். துருப்பிடிக்காத, கனமான, சாக்கடை ஈரத்தைத் தாங்கும் பூட்டு. சாவி மாநகராட்சியிடம் மட்டும் இருக்கும். பூட்டு திறந்த உடனே, எந்த மூடி, எத்தனை மணி என்று அதிலுள்ள சிறு மின்னணுப் பகுதி பதிவு செய்து அனுப்பும். இயந்திரம் அங்கே வந்து சேர்ந்ததா என்பதை லாரியின் ஜிபிஎஸ் காட்டும். மூடி திறந்திருக்கிறது, பக்கத்தில் இயந்திரம் இல்லை என்றால், அந்த நிமிடமே பொறுப்பு அதிகாரியின் போன் ஒலிக்க வேண்டும்.

வெளிநாடுகளிலும் மின்னணு மேன்ஹோல் பூட்டுகள் விற்பனையில் உள்ளன. இந்த யோசனையில் புதுமை கொஞ்சம்தான். ஆனால் இதைத் திண்டுக்கல்லிலேயே செய்ய முடியும். பூட்டுக் கைவினைஞர்கள் உடல்பகுதியைச் செய்யட்டும்; உள்ளூர்ப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் மின்னணுப் பகுதியைச் செய்யட்டும். தமிழ்நாட்டின் எல்லா மாநகராட்சிகளுக்கும் இது தேவை. சாகும் தொழிலுக்குச் சந்தை கிடைக்கும். மழையில் மூடியை நெம்பும் பழக்கமும் நிற்கும், மூடித் திருட்டும் நிற்கும், திறந்த குழியில் குழந்தை விழுவதும் நிற்கும். எல்லாவற்றையும்விட, ஒப்பந்ததாரர் இரவோடு இரவாக ஆளை இறக்க முடியாது.

நகருக்கு வெளியே சமவெளியின் பெரும்பாலான ஊர்களில் பாதாளச் சாக்கடை கிடையாது. சாணார்பட்டி, வேடசந்தூர், நிலக்கோட்டை எங்கும் வீட்டுக்கு வீடு கழிவுநீர்த் தொட்டிதான். நிரம்பினால் லாரி வரும், உறிஞ்சும், போகும். எங்கே கொட்டும்? கழிவுநீர் லாரிகளுக்கு உரிமமும் விதிகளும் உண்டு. தூர்வாரும் சேவைக்கு 14420 என்ற இலவச எண்ணும் உண்டு. ஆனாலும் இரவில் ஓடைக்குள் வால்வைத் திறந்துவிடும் லாரியைப் பார்க்காத கிராமம் குறைவு. ஒவ்வொரு லாரியிலும் ஜிபிஎஸ் இருந்து, அது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்க் கொட்டியதற்கான பதிவு வந்தால்தான் ஓட்டுநருக்குப் பணம் என்று வைத்தால் ஓடை தப்பிக்கும். தொலைவு ஒரு காரணம். முப்பது கிலோமீட்டர் ஓட்டிப்போய்க் கொட்ட எந்த லாரிக்காரருக்கும் கட்டாது. 2017-இல் கருங்குழியில் தமிழ்நாட்டின் முதல் கழிவுக்கசடு சுத்திகரிப்பு நிலையம் தொடங்கியது. அதைப்போல் சிறு நிலையங்கள் வட்டத்துக்கு ஒன்றாவது வர வேண்டும்.

இவ்வளவும் செய்ய ஆட்கள் வேண்டும். அந்த ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். சாக்கடையின் ஒவ்வொரு வளைவும் தெரிந்தவர்கள். சென்சாரைத் துடைக்க, ரோபோவை இயக்க, திரையில் வரும் எண்ணைப் படித்து எந்த மூடிக்கு லாரி அனுப்ப வேண்டும் என்று முடிவெடுக்க, அவர்களைவிடத் தகுதியானவர் யார்? பயிற்சி கொடுத்து, பதவிப் பெயரை மாற்றி, நிரந்தர ஊதியத்தில் அமர்த்த வேண்டும். 2022-இல் வந்த 152-ஆம் எண் அரசாணை, மாநகராட்சிகளின் தூய்மைப் பணியை வெளி நிறுவனங்களிடம் தள்ளியது. ஒப்பந்தத்தில் வேலை செய்பவர் “இறங்க மாட்டேன்” என்று சொல்ல முடியாது. மறுநாள் வேலை இருக்காது. மறுக்கும் உரிமை இல்லாத தொழிலாளியை எந்த சென்சாரும் காப்பாற்றாது. புதிய கருவியை வாங்கி, அதை இயக்க வேறு ஊரிலிருந்து வேறு ஆட்களைக் கொண்டுவந்து, பழையவர்களைத் துடைப்பத்தோடு அனுப்பிவிட்டால், அது அவர்களுக்கு இழைக்கும் இரண்டாவது அநீதி.

பணம் எங்கே என்று கேட்கலாம். திண்டுக்கல் மத்திய அரசின் அம்ருத் நகர மேம்பாட்டுத் திட்டத்தில் இடம்பெற்ற நகரம். இயந்திரமயமான துப்புரவுக்கென்றே மத்திய அரசு 2023-இல் ‘நமஸ்தே’ திட்டத்தைத் தொடங்கியது. ஐம்பது சென்சார், நீரேற்று நிலையங்களில் மின் அளவிப் பதிவு, சில உப்பு அளவிகள், முதலில் ஒரு வார்டின் மூடிகளுக்குப் பூட்டு. இது ஒரு சாலை போடும் செலவுக்குள் அடங்கும் வேலை.

திண்டுக்கல் மாமன்றத்தில் 48 வார்டுகளின் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த நிதிநிலை அறிக்கையில் இதற்கென்று ஒரு தலைப்பு ஒதுக்குங்கள். மாதம் ஒருமுறை, எந்த வார்டில் எத்தனை மூடிகள் திறக்கப்பட்டன, ஒவ்வொன்றும் எந்த இயந்திரத்தால் சுத்தம் செய்யப்பட்டது என்ற பட்டியலை மன்றத்தில் வையுங்கள், அதைப் பொதுமக்கள் பார்க்கும்படி ஒட்டுங்கள். பூட்டும் சென்சாரும் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பேனாவும் பதிவேடும் போதும், நாளைக்கே தொடங்கலாம். வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுத் தொட்டிக்குள்ளோ உங்கள் தெரு மேன்ஹோலுக்குள்ளோ யாராவது ஒரு மனிதரை இறக்கப் பார்த்தால், அவசரம் என்று யார் சொன்னாலும் அங்கேயே தடுங்கள். பாதுகாப்பு இல்லாமல் இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறக்கச் சொன்னவர் வீட்டு உரிமையாளராகவே இருந்தாலும்.